செய்மதிக்கு வெள்ளையடித்தோம்

கொம்பியூட்டருக்குப் படிப்பிக்கும் உத்தியோகத்தில் ஒரே ஒரு வசதிதான் உண்டு: மாணவன் எதிர்த்துப் பேச மாட்டான். மற்றபடி சொன்னதை மட்டும் கேட்பான், சொல்லாததைத் தப்பாக ஊகிப்பான், பரீட்சை அன்று நம் மானத்தை வாங்குவான். மக்குப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துத் தொண்டை வற்றியவர்களும், தாங்கள் என்ன வேலை பார்க்கிறோம் என்று பெற்ற தாய்க்கே விளங்கப்படுத்த முடியாமல் விழித்தவர்களும் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்தையொட்டிய வருடங்கள். பூண்டுலோயாவுக்கு மேலே குயில்கந்தைத் தோட்டத்தில், பத்தாம் நம்பர் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்த நான், பல்கலைக்கழகப் படிப்பை முடித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். வானத்தில் சுற்றும் செய்மதி எடுத்த படத்தைக் கொம்பியூட்டர் தானாகப் பார்த்து, இது தேயிலை, இது காடு, இது வீடு, இது வெறுந்தரை என்று நிறம் தீட்ட வேண்டும். அதற்கு முதலில் யாராவது நடந்து போய், 'இந்த இடத்தில் இருப்பது இன்னது' என்று அதற்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். அந்த யாராவது நான்தான்.

எல்லாம் முடிந்ததும் ஒரு வரைபடம் வரும். எந்தச் சரிவில் மண் சரியும், அதன் கீழே எந்த வீடுகள் இருக்கின்றன என்று அது காட்டும். படத்தில் இருக்கும் வீடுகளைத்தான் முதலில் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு கை நுழையும் அகலத்துக்கு நிலம் வெடித்திருந்தது. ஆகவே எனக்கு அது வெறும் உத்தியோகமாக இருக்கவில்லை.

ஆகாயத்துக் கணக்கப்பிள்ளை

முதல் நாள் வேலையே எங்கள் தோட்டத்தில்தான். கையடக்கக் கருவி ஒன்று தந்திருந்தார்கள். நாம் நிற்கும் இடத்தை அது செய்மதிகளைக் கேட்டுச் சொல்லும். ஆனால் மரத்தடியில் நின்றால் சொல்லாது, ஆடினால் சொல்லாது, மலை மறைத்தால் சொல்லாது. ஆகவே தேயிலைக்கு நடுவே கையை உயர்த்திக்கொண்டு பத்து நிமிடம் சிலையாக நின்றேன். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திடீரென்று இரண்டு மடங்கு வேகமாகப் பறிக்க ஆரம்பித்தார்கள். மலையில் கையில் எதையாவது வைத்துக்கொண்டு சும்மா நிற்கும் ஆள் மேலிடத்து ஆளாகத்தான் இருக்க முடியும் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

வேலையாட்களை மேற்பார்க்கும் மாரியப்பன் கங்காணி பக்கத்தில் வந்தார். எங்கள் லயத்துக்காரர்தான், என்னைத் தூக்கி வளர்த்தவர். அன்றைக்கு மட்டும் என்னை "மிஸ்" என்றார். மேலே ஒன்று சுற்றுகிறது, அது கீழே பார்த்துப் படம் எடுக்கிறது என்று சொன்னேன். "அப்ப அரை நாளுல நழுவிப் போறவங்கள எல்லாம் அது பாத்துருமா?" என்று பதறினார். ஆட்கள் தெரிய மாட்டார்கள், அவ்வளவு சின்னதெல்லாம் அதில் விழாது என்றேன். அதுவரை என்னைத் தெரியாதவள் போல முதுகு காட்டிக்கொண்டு கொழுந்தெடுத்த என் அம்மா அப்போதுதான் திரும்பினாள். "ஆளுகளே தெரியாதுன்னா அது என்னாடி கண்ணு?"

மொட்டை மலை

எங்கள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பானவர் தேவராசா சேர். யாழ்ப்பாணத்துக்காரர். குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வார். ஓர் இலக்கம் பிழைத்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அவருடைய மேற்பார்வையில் முதல் படம் வெளிவந்து, அதைக் காட்ட ஒரு தோட்டத்துத் துரையிடம், அதாவது மனேஜரிடம், போனோம். துரை படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அவருடைய தோட்டத்தில் கால்வாசியைக் காணவில்லை. பச்சை இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறம்.

விஷயம் இதுதான். அந்த மலைகளில் அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தார்கள். இலையும் கிளையும் போய் வெறும் கட்டைகள் நிற்க, மேலிருந்து பார்த்த செய்மதிக்கு மண் மட்டும்தான் தெரிந்தது. நான்கைந்து வருடத்துக்கு ஒரு முறை தேயிலைக்கு மொட்டை போடுவார்கள் என்பது எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் கொம்பியூட்டருக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நமக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் நாம் சொல்லிக் கொடுக்க மறக்கிறோம், இல்லையா? சேர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். துரைக்கு ஒரு வழியாகச் சிரிப்பு வந்தது. "மிஸ், அந்தக் கொம்பியூட்டர ஒரு மாசம் எங்கிட்ட அனுப்புங்க, காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுல நிக்க வச்சு கவ்வாத்து பழக்கி அனுப்புறேன்."

சாவடியில் ஒரு தேடல்

யுத்த காலம் அது. தமிழ்ப் பெயருள்ள அடையாள அட்டையோடு ஒரு பையில் செய்மதிப் படமும், இடம் சொல்லும் கருவியும் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போவது எப்படிப்பட்ட பயணம் என்று அந்தக் காலத்தில் இங்கே பஸ் ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு சோதனைச் சாவடியில் என்னை மட்டும் இறக்கினார்கள். பஸ் காத்து நின்றது. உள்ளே இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்க்காதது போல என்னையே பார்த்தார்கள்.

படத்தை விரித்த பொலிஸ்காரருக்கு என் வயதுதான் இருக்கும். ஆராய்ச்சிக்கூடத்துக் கடிதத்தை நீட்டி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது மலை, இது ஆறு, இது தேயிலை என்று விரலால் காட்டினேன். அவர் முகம் மெல்ல மாறியது. வலப்பனைப் பக்கம் தன்னுடைய கிராமம் இதில் வருமா என்று கேட்டார். படத்தின் ஓரத்தில் வந்தது. வயலைக் கண்டுபிடித்தோம், குளத்தைக் கண்டுபிடித்தோம், வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியையும் கண்டுபிடித்தோம். பஸ்காரர் ஹோர்ன் அடித்தும் அவர் படத்தை விடவில்லை. கடைசியில் சிங்களத்தில் அவர் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "அப்போ அம்மா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டு நின்றாலும் இதில் தெரியாதா?"

இரண்டாவது மேசை

சேருக்கு இன்னொரு ஆராய்ச்சியும் இருந்தது. இணையத்தில் தமிழர்கள் கூடிக் கதைக்கும் கருத்துக்களங்களில் யார் யாரை வெறுப்போடு ஏசுகிறார்கள் என்று கொம்பியூட்டரே கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக சேர் ஒரு வசைச்சொல் பட்டியல் தயாரித்திருந்தார். கெட்ட வார்த்தை வாயில் வராத மனிதர் அவ்வளவையும் எப்படித்தான் சேர்த்தாரோ. சோதித்துப் பார்க்க ஏதாவது எழுது என்றார். அன்று காலை அம்மா தொலைபேசியில் சொன்னதை அப்படியே அடித்தேன்: "எரும, நாசமாப் போறவளே, நேரத்துக்குத் தின்னியாடி, தின்னு தொல." கொம்பியூட்டர் அதைக் கடும் வெறுப்பு என்று சிவப்பில் காட்டியது. இதுவரை வந்ததிலேயே அதுதான் முதலிடம். சேரும் நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பிறகு உண்மையான பதிவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒருவர் மிக மரியாதையாக எழுதியிருந்தார்: 'தோட்டக்காட்டாருக்கு எதற்குக் கொம்பியூட்டர்? கொழுந்துக் கூடை போதாதா?' ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. பச்சை விளக்கு, வெறுப்பு எதுவும் இல்லையாம். எனக்குக் காது சூடாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் அந்தத் 'தோட்டக்காட்டார்' என்ற சொல்லைக் கேட்டு எத்தனை தரம் அழுதிருப்பேன் என்று எனக்குத்தான் தெரியும். பட்டியலில் ஒரு சொல் குறைகிறது என்று சேரிடம் சொன்னேன். எது என்றார். சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், எழுந்து போய்விட்டார். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. மறுநாள் காலை பட்டியலைத் திறந்தால் முதலாவதாக அந்தச் சொல் இருந்தது. என் மேசையில் ஒரு கோப்பைப் பிளேன்டீயும் இருந்தது. சேர் என்னை நேரே பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "நான் உந்தச் சொல்லை ஒரு ஏச்சு எண்டு ஒரு நாளும் நினைக்கேல்லை, பிள்ளை. அதுதான் பெரிய பிழை."

காணாமல் போன லயம்

சரிவும் வீடும் சேர்ந்த பெரிய வரைபடம் ஒருநாள் மத்தியானம் தயாரானது. எவரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்; முதலில் என் வீட்டைத் தேடினேன். குயில்கந்தையில் தேயிலை பச்சையாக இருந்தது. திரும்பச் சொல்லிக் கொடுத்த கவ்வாத்துப் பாடத்தைக் கொம்பியூட்டர்ப் பையன் நன்றாகவே படித்திருந்தான். தேயிலைத் தொழிற்சாலை, அதாவது நாங்கள் ஸ்டோர் என்று சொல்வது, வீடென்று சிவப்பில் நின்றது. துரை பங்களா சிவப்பு. பங்களாவின் கார்க் கொட்டகை கூடச் சிவப்பு. பத்தாம் நம்பர் லயம் இருக்க வேண்டிய இடத்தில் மண்ணிறம். வெறுந்தரை.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. எங்கள் கூரைத் தகரத்துக்கு வயது என் வயதைப் போல இரண்டு மடங்கு. காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றி, துருப்பிடித்துச் செம்மண் நிறமாகிக் கிடந்தது. மேலிருந்து பார்த்தால் துருவும் மண்ணும் ஒன்றுதான். பதினாறு குடும்பம் இருக்கும் லயம் படத்தில் மூன்றே மூன்று புள்ளி, அந்த மூன்றும் மண். நான் பிறந்த வீடு வெறுந்தரையா? ஆத்திரத்தில் மவுசை எடுத்து மூன்று புள்ளிக்கும் நானே சிவப்புத் தீட்டினேன். பின்னால் நின்ற சேர் மெதுவாக என் கையிலிருந்து மவுசை வாங்கி, தீட்டியதை அழித்தார். "கையால திருத்தினா உது படமில்லை பிள்ளை, விண்ணப்பம்."

பூண்டுலோயா மாநகரம்

சரி, முறைப்படியே செய்வோம் என்று துருப்பிடித்த கூரைகளையெல்லாம் 'இதுவும் வீடுதான்' என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக் கொடுத்தேன். திம்புள்ளைப் பக்கத்து லயங்கள், பூண்டுலோயாப் பக்கத்து லயங்கள் என்று இரண்டு வாரம் அலைந்து மாதிரி சேர்த்தேன். ஓட்டிப் பார்த்ததும் எங்கள் லயம் சிவப்பில் தெரிந்தது. கைதட்டப் போன நான் மற்ற இடங்களைப் பார்த்தேன். கல்லுடைக்கும் இடம் சிவப்பு. பந்தடிக்கும் திடல் சிவப்பு. ரோட்டுக்கு வெட்டிய மேடு, கிழங்குக்குக் கொத்திய நிலம், எல்லாம் சிவப்பு. மண் கண்ட இடமெல்லாம் மாடி வீடு. கொழும்பைத் தூக்கிக் கொண்டுவந்து கொத்மலைக்கு மேலே வைத்தது போல இருந்தது. சேர் நெடுநேரம் பார்த்தார். "அருமையான பட்டணம். ஆரும் பஸ் கேட்டு மனுக் குடுக்க முந்தி உந்தப் படத்தை அழிச்சுப் போடும், பிள்ளை."

பொங்கல் சுண்ணாம்பு

பொங்கலுக்கு முந்தின வாரம் வீட்டுக்குப் போனேன். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே அம்மாவிடம் அழாத குறையாகச் சொன்னேன், நம்ம லயம் படத்துல இல்லம்மா என்று. ஸ்டோர் மட்டும் எப்படித் தெரியுது என்றாள். அதன் தகரம் வெள்ளையாகப் பளபளக்கிறது, அதனால் தெரிகிறது என்றேன். மறுபடி எப்போது படம் எடுக்கும் என்றாள். பதினாறு நாளைக்கு ஒருதரம் காலை பத்து மணிக்கு மேலால் போகும், அடுத்தது மாட்டுப்பொங்கல் அன்று என்றேன். அத்தோடு அந்தப் பேச்சை மறந்து, பொங்கலுக்கு நிற்காமல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அம்மா மறக்கவில்லை.

தோட்டத்து வழக்கம் ஒன்று உண்டு. பெரிய இடத்து ஆள் யார் வந்தாலும் முதலில் வெள்ளையடிப்போம். ரோட்டோரக் கல்லுக்குக் கூடச் சுண்ணாம்பு பூசுவோம். பெரிய துரை வந்தாலும் அப்படி, மந்திரி வந்தாலும் அப்படி. இந்த முறை வரப்போகிறவர் மேலே வருகிறார் என்பது ஒன்றுதான் வித்தியாசம். ஆகவே பொங்கலுக்குச் சுவருக்கென்று தோட்டத்தில் கொடுத்த சுண்ணாம்பு முழுவதையும் மாரியப்பன் கங்காணி கூரைக்கு ஏற்றிவிட்டார். டயரைத் தூக்கிப் பூசி, மறுபடி டயரை வைத்தார்களாம். சுவர் எல்லாம் போன வருடத்துப் புகையோடு அப்படியே நின்றது. வாசல் கூட்டி, கோலம் போட்டு, நல்ல சேலை உடுத்தி, சரியாகப் பத்து மணிக்கு லயமே வெளியே வந்து பெரட்டுக்கு நிற்பது போல வரிசையாக நின்றிருக்கிறது. எனக்கு இதெல்லாம் தெரியாது. மறுநாள் கங்காணி தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லித்தான் தெரியும். "மேகம் ஒண்ணும் இல்ல புள்ள, வானம் தொடச்சு வச்சாப்புல இருந்துச்சு. நாங்க எல்லாரும் மேல பாத்தோம், அவரு கீழ பாத்தாரான்னுதான் தெரியல."

மூன்று வெள்ளைப் புள்ளி

அவர் பார்த்திருந்தார். சில வாரம் கழித்து வந்த படத்தில், பச்சைக்கு நடுவே ஒரே வரிசையில் மூன்று வெள்ளைப் புள்ளி. கொம்பியூட்டர் மறுபேச்சில்லாமல் 'வீடு' என்றது. எனக்குச் சந்தோஷம் வந்த வேகத்தில் பயமும் வந்தது. சேர் விடுவாரா? பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது எப்படி நடந்தது என்று கேட்டார். பொய் சொல்ல நினைத்து, முடியாமல், சுண்ணாம்புக் கதை முழுவதையும் சொன்னேன். படத்தைக் குப்பையில் போடுவார் என்று எதிர்பார்த்தேன். நாளைக்கு அங்கே போக எத்தனை மணிக்கு ரயில் என்று கேட்டார்.

ரயிலில் தலவாக்கலை, அங்கிருந்து பூண்டுலோயா பஸ், பிறகு நடை. சேர் லயத்தைச் சுற்றி வந்தார். பின்னால் இருந்த வெடிப்பில் கையை விட்டார். முழங்கை வரை போனது. இஸ்தோப்பில், அதாவது எங்கள் காம்பரா அறையின் முன்பக்கத்து ஒடுங்கிய திண்டில், அம்மா கொடுத்த தேத்தண்ணீரை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பக்கத்துத் தோட்டத்திலும் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தார்களா என்று கங்காணியிடம் கேட்டார். "இல்லீங்க, அவங்களுக்கு விஷயமே தெரியாதுங்களே" என்றார் கங்காணி. அப்போது அவர்கள் படத்தில் இல்லை என்றார் சேர். எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாளும் நான் எங்கள் மூன்று புள்ளியை மட்டும்தான் நினைத்திருந்தேன். மலை முழுவதும் துருப்பிடித்த கூரைதானே?

எந்த லயத்தில் எத்தனை பேர் என்று யாரிடம் கணக்கு இருக்கும் என்று சேர் கேட்டார். தோட்டத்துச் செக்ரோலில், அதாவது ஆட்பதிவேட்டில், ஒவ்வோர் ஆளின் பேரும் இருக்கிறது என்று அம்மா சொன்னாள். அதைக் கேட்ட பிறகு வரைபடத்தோடு போகும் அறிக்கையின் கடைசியில் சில பக்கங்கள் புதிதாக முளைத்தன. தலைப்பு: செய்மதிக்குத் தெரியாத வீடுகள். எங்கள் லயத்துக்குப் பக்கத்தில், 'படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காகக் குடியிருப்பவர்கள் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துள்ளார்கள்' என்று ஒரு குறிப்பும் சேர்த்தார். மற்றவற்றுக்கெல்லாம் தோட்டம் தோட்டமாக, லயம் லயமாக நாங்களே போக வேண்டும். எத்தனை நாள் ஆகும் சேர் என்று முனகினேன். "கையால திருத்தக்கூடாது எண்டுதானே சொன்னனான்? காலால திருத்தலாம். நடவும் பிள்ளை."

புதுத் தகரம்

நடந்தோம். செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது, அட்டைகளுக்கு இரத்த தானம் செய்தோம், சேர் மூன்று முறை வழுக்கி விழுந்தார். அறிக்கை போனது. எங்கள் லயம் பட்டியலில் ஏறியது. பக்கத்துத் தோட்டத்து லயங்களும் ஏறின. பட்டியலில் ஏறுவதும் வீட்டுக்குள் ஏறுவதும் ஒன்றல்ல என்பது உங்களுக்கும் தெரியும். மூன்று வருடம் போனது. கடைசியில் ஸ்டோருக்கு மேலே இருக்கும் சமதரையில் பதினாறு சிறு வீடுகள் வந்தன. பக்கத்துத் தோட்டத்தில் பாதிப் பேர் இன்னும் காத்திருக்கிறார்கள். அது என் நெஞ்சில் முள்ளாகத்தான் இருக்கிறது. நாங்கள் மாறிய பிறகு வந்த முதல் மழைக்கே பழைய லயத்தின் பின்பக்கம் மண்ணோடு கீழே இறங்கிவிட்டது. உள்ளே யாரும் இல்லை.

புது வீட்டுக்கு நான் போன அன்று நல்ல வெயில். கூரையில் புதுத் தகரம் கண்ணைக் கூச வைத்தது. அம்மா முற்றத்தில் நின்று கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வானத்தைப் பார்த்தாள். சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். மணி பத்து. "இப்பயாச்சும் தெரியிறோமாடி?" என்றாள். கூரை நன்றாகத் தெரியும், ஆள் மட்டும் இன்னும் தெரியாதும்மா என்று உண்மையைச் சொன்னேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் அடுப்பைப் பார்க்க உள்ளே திரும்பிக்கொண்டே சொன்னாள். "கூர தெரிஞ்சா போதும்டி. கூரைக்குக் கீழ ஆளு இருக்கும்னு அதுக்கே வெளங்கணும்."

கொம்பியூட்டருக்கு அது இன்னும் விளங்கவில்லை என்பதால்தான், சக பாவிகளே, என் உத்தியோகம் இன்றுவரை பறிபோகாமல் இருக்கிறது.